விளக்குக் காசும் வியாபாரியின் சாட்சியமும்



மின்சாரக் கட்டணம் மாறும்போதெல்லாம் நம் கடைத்தெருவில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கிறது. "சிறு வியாபாரிக்காக வாய் திறக்க ஆளில்லை, பெரிய முதலாளிகள் நேரே மந்திரியிடம் போய்விடுகிறார்கள், நாம் பில்லைக் கட்டிவிட்டுப் பெருமூச்சு விடுகிறோம்" என்பது ஒன்று. "விலை வைப்பது விற்பவன் உரிமை. நம் சரக்குக்குச் சர்க்கார் விலை வைத்தால் நாம் பொறுப்போமா? கரண்டு விற்கிறவனுக்கு மட்டும் ஏன் கடிவாளம்?" என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே கிளாஸ் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதை யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே இதைச் சற்று நிதானமாக யோசிக்கவேண்டும் என்று தோன்றியது. நான் பெரிய படிப்பாளி அல்லன். மதரஸாவில் ஓதியதும், கல்லாவில் உட்கார்ந்து கற்றதும்தான் என் முதல். அந்த அளவுக்குள் நின்றே பேசுகிறேன்.

முதலில், விலை வைப்பது விற்பவன் உரிமை என்னும் வாதம். இதற்கு நம்மவர் காட்டும் ஆதாரம் பிரசித்தமானது. மதீனாவில் ஒரு சமயம் விலைவாசி ஏறியது. மக்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, விலையைக் கட்டிக்கொடுக்கும்படி கேட்டார்கள். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் செயல் என்று அண்ணலார் மறுத்துவிட்டார்கள். ஒருவருடைய பொருளிலோ உயிரிலோ தாம் அநியாயம் செய்ததாக எவரும் வழக்குரைக்க இடமில்லாத நிலையில் தம் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தி இது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் பெரும்பாலோர் இதைக்கொண்டே விலை கட்டுவதைத் தடுத்திருக்கிறார்கள். வியாபாரிகள் வரம்பு மீறிக் கொள்ளை விலை வைத்து, வேறு வழியில்லாமற் போனால் விலை கட்டலாம் என்று ஹனஃபீ இமாம்கள் இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஹதீஸ் பேசும் சந்தை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டாமா? அங்கே விற்பவர் பலர், வாங்குபவரும் பலர். ஒருவரிடம் கோதுமை பிடிக்காவிட்டால் அடுத்த மூட்டையண்டை போகலாம். கரண்டு அப்படியா? வீதியில் ஒரே கம்பி ஓடுகிறது. பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கடை வைத்திருப்பவர் அந்தக் கம்பியை வேண்டாமென்றால் மெழுகுவர்த்திதான் ஏற்றவேண்டும். நாசி கண்டார் கடையில் மீனும் கோழியும் இருக்கிற பெட்டியை மெழுகுவர்த்தியால் குளிரவைக்க முடியாது! வாங்காமலிருக்க முடியாத பொருளை ஒரே இடத்தில்தான் வாங்கவேண்டும் என்றால், அதை மதீனாவின் கோதுமைச் சந்தையோடு ஒப்பிடுவது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நெருக்கமான உதாரணம் வேறொன்று நம் கிதாபுகளில் இருக்கிறது. யமன் தேசத்து மஃரிபைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) என்ற ஸஹாபி, அவ்வூர் உப்பளத்தைத் தமக்கு மானியமாகத் தரும்படி கேட்டார். நாயகம் (ஸல்) அவர்களும் கொடுத்துவிட்டார்கள். சபையிலிருந்த ஒருவர், அது வற்றாத ஊற்றைப் போன்றது, எல்லோரும் எடுத்துப் போவது என்று எடுத்துச் சொன்னார். உடனே அந்த மானியம் திரும்பப் பெறப்பட்டது. இமாம் மாவர்தீ அவர்கள் (ஹிஜ்ரி 450-இல் காலமானவர்கள்) ஆட்சிச் சட்டங்களைப் பற்றி எழுதிய நூலில், மண்ணுக்கு மேலேயே கிடைக்கும் உப்பு, கீல், 'நஃப்த்' என்னும் மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தனி ஒருவருக்கு எழுதிக்கொடுக்கலாகாது, அவை தண்ணீரைப் போல் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற ஹதீஸும் இதே வழியில்தான் போகிறது.

இதைக் கேட்டவுடன், "நெருப்பு பொதுச்சொத்து, ஆகவே கரண்டை இனாமாகக் கொடு" என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. கரண்டு தரையில் கிடக்கும் உப்பு அல்ல. கொதிகலனும் சுழலியும் கோபுரமும் ஆயிரக்கணக்கான தொழிலாளியும் வேண்டும். தீபகற்பத்தில் அதில் பெரும்பங்கு இறக்குமதி நிலக்கரியையும் காஸையும் எரித்தே பிறக்கிறது. 2022-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் நிலக்கரி விலை என்ன பாடுபடுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். உழைப்புக்குக் கூலியும் போட்ட முதலுக்கு நியாயமான வருமானமும் கொடுக்கத்தான் வேண்டும். நாம் குறைவாகக் கொடுத்தால் மீதியைச் சர்க்கார் கஜானா கொடுக்கிறது. அதுவும் ஜனங்களின் பணமே. கேள்வி, "மலிவாகக் கொடு" என்பதல்ல. "கணக்கைக் காட்டு, அந்தக் கணக்கைப் பார்க்கும் இடத்தில் எங்கள் ஆளையும் உட்கார வை" என்பதுதான்.

ஏன் ஆள் வேண்டும் என்றால், கணக்கு நமக்கு விளங்குவதில்லை. சந்தைக்கு வரும் ஒட்டகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து, சந்தை விலை தெரியுமுன்னே சரக்கை வாங்குவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அப்படி விற்றவன் ஊருக்குள் வந்து விலை தெரிந்துகொண்டால், பேரத்தை முறித்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடக்கும் பேரத்தில் தெரியாதவன் பக்கம் சட்டம் நிற்கிறது என்பதே இதன் சாரம். மின்சார பில்லுக்கு முன்னே நாம் எல்லோரும் ஊருக்கு வெளியே நிற்கும் ஒட்டகக்காரர்களே!

இந்நாட்டில் தீபகற்பத்துக்கான கட்டணத்தை எரிசக்தி ஆணையம் மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது. 2025 முதல் 2027 வரைக்கும் ஒரு தவணை. இந்த முறையில், கம்பி, துணை நிலையம் முதலான சொத்துக்களின் மேல் தெனாகா நேஷனலுக்கு ஆண்டுக்கு 7.3 சதவிகித வருமானம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சொத்துப் பெருகினால் வருமானமும் பெருகும். தவறு என்று சொல்லவில்லை. முதல் போட்டவன் வருமானம் கேட்பான். ஆனால், "இந்தத் துணை நிலையம் இப்போதே வேண்டுமா? இன்னும் நான்கு வருஷம் பொறுக்கலாகாதா?" என்று கேட்க, அதே அளவுக்குக் கணக்குத் தெரிந்த ஒருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கவேண்டும். எனக்கோ உங்களுக்கோ அந்தக் கேள்வி கேட்கத் தெரியாது.

அப்படி ஆள் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று போதும். 1992 செப்டம்பர் 29-ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் விளக்கணைந்தது. அதன்பின் சர்க்கார் தனியார் மின்னுற்பத்தி நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. தெனாகாவோடு அவர்கள் செய்த ஆரம்ப ஒப்பந்தங்கள் 21 வருஷத்துக்கு நீண்டவை. அவற்றில், கரண்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையம் தயாராயிருந்தாலே பணம் என்ற ஷரத்து இருந்தது. அப்போது தெனாகாவின் தலைவராயிருந்த டான்ஸ்ரீ அனி அரோப் அவர்கள் 1996-இல் விலகினார். அந்த ஷரத்துக்களுக்குத் தாம் இணங்கவில்லை என்பதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். வாங்குகிற நிறுவனத்தின் தலைவருக்கே பிடிக்காத ஒப்பந்தம்! அதன் செலவு எந்த வழியாக இறங்கி யார் தலையில் வந்து நின்றது? வீட்டு மீட்டரும் கடை மீட்டரும்தான். அந்தக் காலத்தில் நம் வியாபாரிகள் எத்தனை பேருக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் எழுதப்படுகிறது என்று தெரியும்?

சில தேசங்களில் இதற்கென்றே சட்டம் செய்து ஆள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 1976-இல் பயனீட்டாளருக்காக வாதாட ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது. சிறு வியாபாரிக்கென்று 1988-இல் தனியாக இன்னொன்றை ஏற்படுத்தியது. கட்டணம் கேட்டு மின்சாரக் கம்பெனி வந்தால் இவர்கள் வக்கீல்களோடும் கணக்கர்களோடும் எதிர்வாதத்துக்குப் போகிறார்கள். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்திலும், பயனீட்டாளர் சார்பில் பேச ஒருவரை ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்தலாம் என்று விதி இருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் வருவதற்குக் காத்திராமல் இதைச் செய்தவர் ஒருவரை நாம் அறிவோம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்திய மர்ஹூம் எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்கள் நம்மில் ஒருவர், தமிழ் முஸ்லிம், வியாபாரி. 2019 மே மாதம் அவர்கள் மறையும்வரை, விற்பவர் வரிசையிலிருந்து வந்த ஒருவர் வாங்குபவர் பக்கம் நின்று பேசினார். வியாபாரி வியாபாரிக்காகப் பேசுவது உலக வழக்கம். அவர்கள் செய்தது அதைவிடப் பெரிய காரியம்.

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் கேள்வி பிறக்கிறது. பென்சில்வேனியாக்காரர்கள் வீட்டுக்கு ஓர் அலுவலகம், கடைக்கு ஓர் அலுவலகம் என்று இரண்டாகப் பிரித்தது ஏன்? வீட்டின் நியாயமும் கடையின் நியாயமும் எப்போதும் ஒன்றல்ல என்பதால்தான். ஒரு தொகையை எல்லோரிடமும் வசூலிக்கவேண்டும் என்றால், கடைக்குக் குறைத்ததை வீட்டில் கூட்டவேண்டும். வீட்டுக்குக் குறைத்ததைக் கடையில் கூட்டவேண்டும். 2025 ஜூன் வரை இருந்த கட்டணத்தில் வீட்டுக்கு முதல் 200 யூனிட் 21.8 காசு. சிறு கடைக்கு முதல் 200 யூனிட் 43.5 காசு, அதற்கு மேல் 50.9 காசு. பெரிய கட்டடங்கள் நடு அழுத்த மின்சாரம் வாங்கினால் 36.5 காசு. அவர்கள் உச்சத் தேவைக்குத் தனியே பணம் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாதிக் கணக்குச் சொல்வது பொய்க்கணக்கு. மேலும், எரிபொருள் விலையேற்றத்துக்காக 2023-இல் பெரிய ஆலைகளிடம் யூனிட்டுக்கு 20 காசு வரை கூடுதலாக வாங்கியபோது, நம் போன்ற தாழ்வழுத்தச் சிறு கடைகளுக்கு 3.7 காசோடு நிறுத்தினார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்றுமே கூட்டவில்லை.

2025 ஜூலை முதல் தேதி வந்த புதிய கட்டணத்தில் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 43 வெள்ளி 60 காசாக இருந்தது, சலுகை போக 38 வெள்ளி 86 காசாகக் குறைந்தது. இதை நன்றியோடு ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் மீட்டருக்குத் தலை எண்ணத் தெரியாது. நம் சமூகத்தில் ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பம் வாழும் வீடுகள் உண்டு. கடைப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கும் வீடுகளும் உண்டு. இவை 600 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், எரிபொருள் சரிக்கட்டு, சேவை வரி எல்லாம் சேரும். தனித்தனியே பார்த்தால் அவர்கள் ஒவ்வொருவரும் மிகச் சொற்பமாக எரிக்கும் ஏழைகள். கூடி வாழ்வதற்காக அவர்களுக்குச் சலுகை குறைகிறது. இதை எடுத்துச் சொல்ல அவர்களுக்குச் சங்கம் கிடையாது. நமக்கு இருக்கிறது.

காஸ் விஷயத்தில் இந்த இழுபறி இன்னும் வெளிப்படையாக நடந்தது. வீட்டுச் சமையலுக்கென்று சர்க்கார் மானியம் கொடுத்த 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. வியாபாரத் தோம்பு எழுபது வெள்ளியை ஒட்டியது. 2021-இல் வந்த விதி, 42 கிலோவுக்கு மேல் வைத்திருக்கும் வியாபாரிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. 2025 மே மாதம் சோதனை தொடங்கியதும் சாப்பாட்டுக்கடைக்காரர்கள் குரலெழுப்பினார்கள். சில வாரங்களில், சிறு வியாபாரிகளும் அங்காடிக்காரர்களும் மானியத் தோம்பு உபயோகிக்கும்படி விதியைத் திருத்துவதாகச் சர்க்கார் சொன்னது. குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த மானியம் யார் பெயரில் வந்தது? குடும்பத் தாய்மார்கள் பெயரில். அதில் நாம் பங்கு கேட்டது, "எங்கள் செலவு ஏறினால் சாப்பாட்டு விலை ஏறும், ஏழை தாங்கமாட்டான்" என்று சொல்லித்தான். அதாவது ஏழை வாடிக்கையாளரை நம் சாட்சியாக நிறுத்தினோம். ஒருவரைச் சாட்சியாக நிறுத்தினால் அவருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அந்தக் கடனைத் தீர்க்கிறோமா என்பதைக் கல்லாவில் வைத்துப் பார்ப்போம். ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை மாதம் 6,000 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.7 காசு கூடுதல் என்றால் மாதம் 222 வெள்ளி. அந்தக் கடையில் நாளொன்றுக்குத் தேத்தண்ணீர், ரொட்டி, சோறு எல்லாம் சேர்த்து 600 உருப்படி போகிறது, மாதம் 18,000. அந்த 222 வெள்ளியைப் பங்கிட்டால் உருப்படிக்கு ஒன்றேகால் காசுகூட வரவில்லை. நாம் கூட்டியது எவ்வளவு? இருபது காசு, சில இடங்களில் ஐம்பது காசு. 2008 முதல் இந்நாட்டில் ரொக்கக் கணக்கு ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுவதால் ஒன்றேகால் காசைக் கூட்ட முடியாது என்பது வாஸ்தவம். ஐந்து காசு கூட்டியிருக்கலாமே!

"என்ன நானா, போன வாரம் ஒன்று எண்பது, இந்த வாரம் இரண்டு வெள்ளியா?" என்று கேட்கிறார் ஒரு பெண்மணி.

"என்ன லாத்தா செய்வது, கரண்டு பில் ஏறிவிட்டதே" என்கிறது கல்லா.

கடை வாடகை, கோழி, எண்ணெய், ஆள் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கும். அவற்றுக்காகக் கூட்டியிருப்பார். அதில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. காரணமே சொல்லாமல் கூட்டினாலும் அது அவருடைய சரக்கு, அவருடைய விலை. பிக்ஹு நூல்களில் இதற்கு இரண்டு வகை பேசியிருக்கிறார்கள். அசல் விலை சொல்லாமல் பேரம் பேசி விற்பது ஒன்று. "எனக்கு அடக்கம் இவ்வளவு, இலாபம் இவ்வளவு" என்று சொல்லி விற்கும் முராபஹா மற்றொன்று. முன்னதில் அடக்கத்தை மறைக்கலாம். பின்னதில் அடக்கத்தை ஒரு காசு கூட்டிச் சொன்னாலும் அது மோசடி. வாங்கியவருக்கு வழக்கு உண்டு. "கரண்டு ஏறியதால் கூட்டினேன்" என்று நாம் சொல்லும் விநாடியில், முராபஹாக்காரனின் வாசலில் போய் நின்றுவிடுகிறோம் என்றே எனக்குப் படுகிறது. ஆலிம்கள் இதில் வேறு கருத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இறங்கும்போதும் இதே கேள்விதான். 2025-இன் பிற்பாதியில் மாதாந்தர எரிபொருள் சரிக்கட்டு சில மாதங்கள் கழிவாகவே வந்தது. பில்லில் குறைந்ததை எத்தனை பேர் பார்த்தோம்? பார்த்தவர்களில் எத்தனை பேர் அதை வாடிக்கையாளரிடம் சொன்னோம்?

வீடுகளுக்காகப் பேச வியாபாரிக்குத் தகுதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. ஒரு தெருவில் யார் வீட்டில் விளக்கு வெட்டப்பட்டது, யார் கடனுக்கு அரிசி வாங்குகிறார், எந்த விதவை ஐஸ் பெட்டியை நிறுத்திவிட்டு அன்றாடம் மீன் வாங்குகிறார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. அவர் மீட்டருக்கு முன்னே வாங்குபவர், கல்லாவுக்குப் பின்னே விற்பவர். இரு பக்கக் கணக்கும் கையிலுள்ளவர். ஆகவே வக்காலத்துக்கு ஏற்றவர் அவரே. ஆனால் வக்காலத்து என்பது அமானத். பிறர் பெயரைச் சொல்லிப் பெற்றதைப் பிறருக்குக் கொடாத வக்கீலை எந்த காழியும் அடுத்த முறை சபையில் ஏற்றமாட்டார்.

2028-இல் தொடங்கவேண்டிய அடுத்த தவணைக்கான பரிசீலனை அதற்கு முன்பே நடந்துவிடும். அறிவிப்பு வந்தபின் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதில் பிரயோஜனமில்லை. நம் சங்கம் இப்போதே ஒரு பேரேடு திறக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். இருபது கடைகளின் பன்னிரண்டு மாத பில்கள் ஒரு பக்கம். நாற்பது வீடுகளின் பில்கள் எதிர்ப்பக்கம். வீட்டு பில்களோடு எத்தனை தலை என்பதையும் குறிக்கவேண்டும். கடை பில்களோடு, அந்த மாதங்களில் தேத்தண்ணீரும் சோறும் என்ன விலைக்கு விற்றன என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். இந்தக் கடைசிப் பத்தியை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். விடலாகாது. நாம் ஆணையத்தின் முன் வைக்கும் கணக்கில் அதிகாரி முதலில் புரட்டிப் பார்க்கப்போவது அதைத்தான்.

மனுவில் வீடுகளின் கோரிக்கை முதலில் வரட்டும்: கூட்டுக் குடும்பத்துக்கும் தொழிலாளர் விடுதிக்கும் தலைக்கணக்கில் சலுகை. கடைகளின் கோரிக்கை அதன் கீழே. குறைந்த யூனிட் எரிக்கும் கடைக்குக் கொடுத்த சலுகை 200 யூனிட்டோடு நின்றுவிடுகிறது. தையற்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் அது எட்டும். ஒரு குளிர்ப்பெட்டியும் ஒரு பானப்பெட்டியும் வைத்த ஒட்டுக்கடைக்கு எட்டாது. இந்த வரம்பை உயர்த்தும்படி கேட்கலாம். கணக்குப் படித்த நம் வாலிபர்கள் இரண்டு பேர் முன்வந்தால் ஆணையம் வெளியிடும் பத்திரங்களைப் படித்துச் சொல்வார்கள். கூலி கொடுத்தே வைக்கலாம், மாதம் கடைக்கு ஐந்து வெள்ளி போதும். என் கடையின் பன்னிரண்டு பில்களையும் விலைப்பட்டியலையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். மற்றவர்களும் ஜும்ஆவுக்கு வரும்போது ஓர் உறையில் போட்டுக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டால் நலம்.